கொக்கி அடித்த பக்கம்

தை மாதம், மேகமில்லாத வியாழன்,
பத்தே முக்காலுக்குச் சேலத்தின் மேலாக அது கடந்தபோது
ஐந்து ரோடு சிக்னலில் நான் நின்றிருந்தேன்.
படத்தில் நான் இல்லை.
ஒரு கட்டம் பத்து மீட்டர்.
ஒரு டவுன் பஸ், இரண்டு ஆட்டோ,
எங்கள் எல்லோருடைய ஹெல்மெட்டும் சேர்ந்து
ஒரே சாம்பல்.

அலுவலகத்தில் திறந்தேன்.
கண்ணுக்கு எட்டாத ஒளியைச் சிவப்பாக மாற்றினால்
சேர்வராயன் எரியும்.
எரியவில்லை.
காப்பியும் சில்வர் ஓக்கும் மிளகுக்கொடியும்
சௌக்கியம் என்று சொல்லும் நிறம் அது.
எங்கள் தொழிலில் பச்சைக்குப் பெயர் சிவப்பு.
மூக்கனேரி கறுப்பு; அதில் திட்டுத்திட்டாய்
யாரோ நட்ட மரங்கள், குங்குமம் சிந்தியதுபோல.
(இந்த உவமையை அறிக்கையில் எழுத முடியாது.)

வெள்ளைதான் சிக்கல்.
கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கம், அது தெரியும்.
ஆத்தூர் சாலை ஓரத்து வெள்ளைக்கும்
அதே குறியீட்டைப் போட்டேன்:
பதினான்கு, சுரங்கக் கழிவு.

கள ஆய்வுக்குப் போனால்
அங்கே இருந்ததே ஒரு களம்.
சேகோ ஆலை. சிமெண்டுத் தரை முழுக்க ஈர மாவு.
கறுப்புக் கண்ணாடி, வாயை மூடிய துண்டு,
நீளக் கம்பில் பலகை கட்டித்
தள்ளிக்கொண்டே போனார் பாவாயி.
மடிக்கணினியை எட்டிப் பார்த்துக் கேட்டார்,
‘மேல இருந்து பாத்தா என்ன தெரியுது?’
வெள்ளையாத் தெரியுதுங்க.
‘கீழ இருந்து பாத்தாலும் அதேதான், கண்ணு.’

பதினான்கை அழித்தேன்.

இயக்குநருக்குப் படம் பிடித்துப்போனது.
நாலடி அகலத்தில் வரவேற்பறையில் மாட்டுங்கள் என்றார்.
செவ்வாய்ப்பேட்டை இதயத்துல்லா
சட்டம் போட்டு, அவரே வந்து மாட்டிவிட்டும் போனார்,
தலைகீழாக.
சேலம் மேலே. ஏற்காடு கீழே.

திருப்பச் சொல்ல வாயெடுத்தேன்.
மலை நின்றுகொண்டிருந்தது.

பதினோரு வருடமாக என் திரையில் அது குழி.
காலைச் சூரியன் தென்கிழக்கில்,
நிழல் வடமேற்கில் சாய்கிறது.
கண்ணோ
வெளிச்சம் மேலே இருந்துதான் வரும் என்கிற
பிறவிப் பிடிவாதத்தில் மேட்டைப் பள்ளமாக்கிவிடும்.
புதிதாக வருகிறவர்களிடம் நானே சொல்வேன்:
குழிமாதிரித் தெரியும், நம்பாதீங்க,
சமவுயரக் கோட்டில் எண்ணைப் பாருங்க.
எண்ணைப் பார்த்துப் பார்த்தே
ஐயாயிரம் அடி ஏறியிருக்கிறேன்,
ஒருநாளும் மூச்சு வாங்கியதில்லை.

இப்போது முகடுகள் புடைத்து நிற்கின்றன.
கொண்டை ஊசி வளைவுகள் தொற்றி ஏறுகின்றன.
கிண்ணத்தின் அடியில் கிடந்த ஏற்காடு ஏரியை
யாரோ உள்ளங்கையில் ஏந்தி
உச்சிக்குக் கொண்டுவந்து வைத்ததுபோல.

கடைக்குப் போய்க் கேட்டேன், ஏன் இப்படி?
‘ஓரத்துல எழுத்து, அம்புக்குறி எல்லாம் இருந்துச்சு.
சட்டத்துல அடங்கல, வெட்டிட்டேன்.
அப்புறம் எந்தப் பக்கம் மலை நிக்குதோ
அந்தப் பக்கம் கொக்கி அடிச்சேன்.
தப்பாங்க?’
வடக்கையும் அளவுகோலையும் குப்பையில் போட்டவரிடம்
என்ன பதில் சொல்வது என்று தெரியாமல்
ரசீதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

யாரும் கண்டுபிடிக்கவில்லை.
ஒருவர் ஓவியமா என்றார்.
ஒருவர் காட்டுத்தீயா என்றார்.
ஏசி பழுது பார்க்க வந்த பையன் மட்டும்
கழுத்தை வளைத்து வளைத்து அஸ்தம்பட்டியைத் தேடினான்;
கிடைக்காமல் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான்.

இடது ஓரத்தில், சட்டத்துக்கு அரை விரல் உள்ளே,
அரிசி அளவு வெள்ளை.
கத்தி கொஞ்சம் தள்ளிப் போயிருந்தால்
பாவாயியின் களமும் போயிருக்கும்.

இன்று காலை சரோசாக்கா கண்ணாடியைத் துடைத்தார்.
மேலிருந்து தொடங்கினார், அதாவது தெற்கிலிருந்து.
ஊரைத் துடைத்தார், மலையைத் துடைத்தார்.
அந்த வெள்ளையில் வந்து நின்றார்.
கறை என்று நினைத்து
வாயால் ஊதி, முந்தானையால் அழுத்தி,
இரண்டு முறை தேய்த்தார்.
போகவில்லை.